இரத்தம் கொடுக்கும் கொழும்பு பங்காளியாவது எப்போது?

2021 ஜூன் மாதம் கொழும்பின் தெமட்டகொடையில் ஐந்து பேரிடம் கொவிட் வைரஸின் டெல்டா திரிபு இருப்பதை ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வுகூடம் மரபணு வரிசைப்படுத்திக் கண்டுபிடித்தது. அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்னர் மினுவாங்கொடை ஆடைத்தொழிற்சாலையிலும் பேலியகொடை மீன்சந்தையிலும் தொடங்கி, கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளித் தெருக்களை வாரக்கணக்கில் முடக்கிப்போட்டது வேறொரு திரிபு. பி.1.411 என்று பெயரிடப்பட்ட அது பெரும்பாலும் இலங்கைக்குள்ளேயே சுழன்றது. 2021 சித்திரைப் புத்தாண்டையொட்டி அல்பா வந்து அதை ஓரங்கட்டியது. பிறகு டெல்டா வந்து அல்பாவை விரட்டியது, ஏவை.28 என்ற இலங்கைக் கிளையொன்றையும் அது விட்டது. 2022 பிறந்தபோது ஒமிக்ரோன். ஏறத்தாழப் பதினைந்து மாதங்களில் ஒரே நகரம் நான்கு முகங்களைப் பார்த்துவிட்டது. நம் புயத்தில் ஏற்றப்பட்ட கோவிஷீல்ட், சைனோபார்ம், பைசர் எல்லாமே 2019 முடிவில் வூஹானில் காணப்பட்ட முதல் முகத்தை வைத்துச் செய்யப்பட்டவை. உயிரிழப்பை அவை வெகுவாகக் குறைத்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் தொற்றைத் தடுக்கும் ஆற்றல் ஒவ்வொரு திரிபோடும் தேய்ந்துகொண்டே போனது.

இப்படி வைரஸுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிராமல், இன்னும் வராத கொரோனா வைரஸையும் சேர்த்துத் தடுக்கும் ஒரு தடுப்பூசி வேண்டும் என்பது விஞ்ஞானிகளின் நீண்டநாள் ஆசை. அந்த ஆசைக்குப் பல படிகள் உண்டு. கொவிட் வைரஸின் எந்தத் திரிபு வந்தாலும் தாங்குவது முதற்படி. கொவிட், 2003 இன் சார்ஸ், வௌவால்களில் இருக்கும் அவற்றின் உறவினங்கள் அனைத்தையும் அடக்கும் சார்பெகோ குடும்பத்துக்கு எதிரானது இரண்டாவது படி. ஒட்டகத்திலிருந்து மனிதருக்குத் தாவும் மேர்ஸையும் சேர்த்துக்கொள்வது மூன்றாவது. ஆண்டுதோறும் தடிமனைக் கொண்டுவரும் நான்கு பழைய கொரோனாக்களையும் உள்ளடக்கியது இன்னும் தொலைவில் இருக்கிறது. முதல் இரண்டு படிகளும் வெறும் கனவு இல்லை என்பதற்கான நல்ல சான்று சிங்கப்பூரிலிருந்து வந்தது. 2003 இல் சார்ஸிலிருந்து பிழைத்து, 2021 இல் பைசர் ஊசி ஏற்றிக்கொண்ட எட்டுப் பேரின் இரத்தத்தை டியூக்-என்.யூ.எஸ். மருத்துவக் கல்லூரியின் வாங் லின்ஃபா குழு ஆராய்ந்தது. அந்த எண்மரின் பிறபொருளெதிரிகள் கொவிட்டின் திரிபுகளை மட்டுமன்றி, மனிதரை இதுவரை தொடாத வௌவால், எறும்புண்ணி வைரஸ்களையும் செயலிழக்கச் செய்தன. ஒன்றுக்கொன்று தூரத்து உறவான இரண்டு வைரஸ்களைக் கண்ட உடல், இரண்டுக்கும் பொதுவான பகுதியைப் பிடிக்கக் கற்றுக்கொள்கிறது என்பதே இதற்குப் பொருள்.

அதே பாடத்தைச் செயற்கையாகக் கற்பிக்க முயல்கிறது கலிபோர்னியாவின் கால்டெக் நிறுவனத்தில் பமீலா ப்யோர்க்மன் குழு உருவாக்கிய ‘மொசைக்-8பி’. அறுபது இடங்கள் கொண்ட ஒரு நுண்துகள். அதன்மேல் எட்டு வெவ்வேறு சார்பெகோ வைரஸ்களின் மேற்பரப்பிலுள்ள முள்ளின் நுனித் துண்டுகள் ஒழுங்கின்றிக் கலந்து ஒட்டப்பட்டிருக்கும். பிறபொருளெதிரியைச் சுரக்கும் கலம் இரண்டு கைகளால் பிடிப்பது. அருகருகே இருக்கும் இரண்டு துண்டுகள் வெவ்வேறு வைரஸுக்குரியவை என்றால், இரண்டிலும் மாறாதிருக்கும் பகுதியை அறிந்த கலத்துக்குத்தான் இரு கையாலும் இறுகப் பிடிக்க முடியும். அந்தக் கலங்களே பெருகும். 2022 இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளியான முடிவுகளில், எலிகளும் குரங்குகளும் கொவிட்டிலிருந்து மட்டுமல்ல, அந்த எட்டில் இடம்பெறாத சார்ஸ் வைரஸிலிருந்தும் காக்கப்பட்டன. பட்டியலில் இல்லாத எதிரியிடமிருந்து காத்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

ஆகவே அறிவியல் வழி தெரிகிறது. தடை எங்கே? இத்தகைய தடுப்பூசிக்குப் பற்றாக்குறையாக இருப்பது அறிவைவிடத் தொடர்ச்சி என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். நோய் பரவும்போது பணம் கொட்டுகிறது, அடங்கியதும் வற்றுகிறது. டெக்சாஸில் பீட்டர் ஹோட்டேஸும் மரியா எலேனா பொட்டாசியும் சார்ஸுக்கு எதிராக ஒரு தடுப்பூசியை உருவாக்கி, மனிதரில் பரிசோதிக்கும் கட்டம்வரை கொண்டுவந்தார்கள். 2016 அளவில் அதற்குப் பணம் தர யாருமில்லை, சார்ஸ்தான் மறைந்துவிட்டதே! அது உறைபெட்டிக்குப் போனது. நான்கு ஆண்டுகள் கழித்துக் கொவிட் வந்ததும், அதே தொழில்நுட்பத்தை மாற்றியமைத்து ஹைதராபாத்தின் பயோலொஜிக்கல் இ நிறுவனம் ‘கோர்பெவக்ஸ்’ தயாரித்தது; இந்தியா அதற்கு 2021 டிசம்பரில் அனுமதி வழங்கியது. இடையில் ஆய்வு நின்றுபோகாமல் இருந்திருந்தால், கொவிட் வந்த நாளில் உலகத்தின் கையில் குறைந்தது ஒரு பாதித் தடுப்பூசியாவது இருந்திருக்கும். சிங்கப்பூரின் கதை இதற்கு நேர்மாறானது. சார்ஸில் பிழைத்தவர்களைப் பதினெட்டு ஆண்டுகள் கழித்தும் தேடிப்பிடித்து இரத்தம் பெற முடிந்தது. பட்டியல் பேணப்பட்டது, ஆய்வுக்குழு கலையவில்லை, பெட்டியில் மின்சாரம் நிற்கவில்லை. கண்டுபிடிப்பின் பாதி இந்தச் சலிப்பூட்டும் நிர்வாகம்தான்.

கூட்டு ஆய்வுத் திட்டத்தை நடத்துவது என்றால் என்ன என்று கேட்டால், விடையும் இங்கேதான் இருக்கிறது. தொற்றுநோய்த் தயார்நிலைக்கான செபி கூட்டணி 2021 மார்ச்சில் பரந்த காப்புத் தடுப்பூசிகளுக்காக 200 மில்லியன் டொலர் ஒதுக்கியது. அந்த நிதி ஒரே ஆய்வுகூடத்துக்குப் போகவில்லை. கால்டெக்கின் மொசைக், ஒக்ஸ்போர்டின் பங்களிப்போடு 2022 இல் 30 மில்லியன் டொலர்வரையான உதவியைப் பெற்றது. ஃபரீதாபாத்தில் உள்ள இந்திய அரசின் ஆய்வு நிறுவனத்தோடு பனேசியா பயோடெக் இணைந்தது. பாரத் பயோடெக், சிட்னிப் பல்கலைக்கழகம், சுவிட்சர்லாந்தின் எக்செல்ஜீன் என மூன்று நாடுகள் சேர்ந்த அணியும் உண்டு. இத்தனை பேரின் முடிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டுமென்றால் எல்லோரும் ஒரே அளவுகோலில் அளக்க வேண்டும். எந்த மாதிரி யாருக்குச் சொந்தம், எந்தத் தரவை எப்போது வெளியிடுவது, தோற்ற முயற்சியை எப்போது நிறுத்துவது, வென்றதை எந்த விலையில் யாருக்குத் தருவது என்பதெல்லாம் ஊசி உருவாகும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதிவிட்டாலும் நிதி தரும் கை பின்வாங்கினால் எல்லாம் சரியும். 2025 ஓகஸ்டில் அமெரிக்க அரசு எம்ஆர்என்ஏ தொழில்நுட்பத்தில் நடந்த 22 திட்டங்களை, ஏறத்தாழ 500 மில்லியன் டொலர் பெறுமதியானவற்றை, ஓர் அறிவிப்பில் முடித்துவைத்ததைப் பார்த்தோம். ஒரு நாட்டின் அரசியல் காற்றில் ஆடும் திட்டத்துக்கு உலகத்தின் பாதுகாப்பைக் கட்டிவிட முடியாது. அதனால்தான் சிறிய நாடுகள் உள்ளே வருவது கருணைக்காக அல்லாமல் உறுதிக்காகத் தேவைப்படுகிறது.

இங்கேதான் கொழும்பு வருகிறது. நம்மிடம் என்ன இருக்கிறது என்று ஏளனமாகக் கேட்பவர்கள் 2021 ஐத் திரும்பிப் பார்க்கட்டும். பேராசிரியர் நீலிகா மலவிகேயும் சந்திம ஜீவந்தரவும் தலைமைதாங்கிய ஸ்ரீ ஜயவர்தனபுரக் குழு, அந்த ஆண்டின் தொடக்கத்தில் கொழும்பு மாநகரவாசிகளின் இரத்தத்தைச் சோதித்து, ஏறத்தாழ நான்கில் ஒருவரை வைரஸ் ஏற்கெனவே தொட்டுவிட்டுப் போயிருப்பதைக் காட்டியது. அரசின் அன்றாட எண்ணிக்கை சொல்லாத உண்மை அது. உலகம் சைனோபார்மைப் பற்றி அரைகுறைத் தரவோடு தயங்கிக்கொண்டிருந்தபோது, இரண்டு ஊசி பெற்ற இலங்கையரில் 95 சதவீதமானோரிடம் பிறபொருளெதிரி உருவானதையும், முதியோரிடம் அது தளர்ந்திருந்ததையும் இதே குழு வெளியிட்டது. உயிருள்ள வைரஸைக் கையாளும் உயர்பாதுகாப்பு ஆய்வுகூட வசதி அப்போது இங்கு போதவில்லை. அந்தக் குறையை அவர்கள் இரண்டு வழிகளில் தாண்டினார்கள். வைரஸே இல்லாமல், அது கலத்தைப் பிடிக்கும் இடத்தைப் பிறபொருளெதிரி மறிக்கிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று. வாங் லின்ஃபா சிங்கப்பூரில் உருவாக்கியது. செங்குருதிக்கலங்கள் ஒட்டுகின்றனவா என்று வெறுங்கண்ணாலேயே பார்க்கும், மிக மலிவான மற்றொன்று ஒக்ஸ்போர்டின் அலைன் டவுன்செண்ட் குழுவினுடையது. சிங்கப்பூரின் அறிவும் ஒக்ஸ்போர்டின் அறிவும் கொழும்பின் இரத்தமும் கூடிய இடத்தில் உலகத்துக்குத் தேவையான ஒரு விடை கிடைத்தது. அந்தக் கூட்டில் நாம் கடன்பட்டவர்களாக மட்டும் இருக்கவில்லை.

இனி வரப்போகும் பரந்த தடுப்பூசி, வைரஸைக் கண்டிராத உடலில் ஏற்றப்படப்போவதில்லை. உலகத்தில் அப்படிப்பட்ட உடல் இப்போது ஏறக்குறைய மிச்சமில்லை. ஒவ்வொருவரின் எதிர்ப்புச் சக்தியும் முன்பு கண்டதை நினைவில் வைத்துக்கொண்டு, புதியதைப் பழையதின் சாயலிலேயே எதிர்கொள்ளும். அந்த நினைவு புதிய ஊசிக்குத் துணையாகவும் அமையலாம், இடையூறாகவும் அமையலாம். பைசரும் மொடேர்னாவும் ஏற்றிய பொஸ்டன் நகரவாசியை வைத்து இதற்கு விடை காண முடியாது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வசிக்கும் ஒருவர் பி.1.411 தொற்றிப் பிழைத்து, கோவிஷீல்ட் அல்லது சைனோபார்ம் ஏற்றி, டெல்டாவில் மீண்டும் விழுந்து, மேலதிக ஊசியாகப் பைசர் பெற்று, ஒமிக்ரோனையும் கடந்திருக்கக்கூடும். ஆசியா, ஆபிரிக்காவின் பெருந்தொகை மக்களின் உடல்நிலைக்கு நெருக்கமானது இந்தச் சிக்கலான வரலாறுதான். மொசைக் போன்ற ஊசி இத்தகைய உடலில் எப்படி வேலை செய்யும் என்பதைச் சொல்லாமல் அதை உலகத் தடுப்பூசி என்று அழைப்பது அவசரம். கொழும்பின் ஆய்வாளர்கள் அந்த வரலாற்றைக் கையில் வைத்திருக்கிறார்கள் அல்லது கைநழுவ விட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2021 இல் இரத்தம் கொடுத்தவர்களை ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் சந்தித்து மாதிரி பெற்று வைக்கும் நிரந்தர ஏற்பாடு இல்லாவிட்டால், அந்தத் தொடர் அறுந்துபோகும். அறுந்த பிறகு எவ்வளவு பணம் கொட்டினாலும் கடந்த ஆண்டின் இரத்தத்தை வாங்க முடியாது.

பங்காளியாக இருப்பதற்கு இன்னொரு காரணம், இலக்கைத் தேர்ந்தெடுப்பதில் குரல் வேண்டும் என்பது. இன்றைய திட்டங்களில் பல சார்பெகோ குடும்பத்தோடு நின்றுவிடுகின்றன. அதுதான் எளிது, கொவிட் நினைவும் பசுமையாக இருக்கிறது. ஆனால் 2012 இல் சவூதி அரேபியாவில் தோன்றிய மேர்ஸ் வேறு கிளையைச் சேர்ந்தது. அறியப்பட்ட நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் அதனால் இறந்திருக்கிறார்கள். கொட்டாஞ்சேனையிலும் மலையகத்திலும் கிழக்கிலும் எத்தனை குடும்பங்களின் தாயோ தந்தையோ வளைகுடாவில் வேலை செய்கிறார்கள்! மேர்ஸ் பரவத் தொடங்கினால், கட்டுநாயக்க விமான நிலையத்தின் வழியாக அது முதலில் வந்துசேரக்கூடிய நாடுகளில் இலங்கையும் ஒன்று. சீயாட்டிலிலும் லண்டனிலும் உட்கார்ந்திருப்பவருக்கு இது நான்காவது கவலையாக இருக்கலாம், நமக்கு முதற்கவலை. கூட்டத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களின் கவலைதான் ஆய்வின் இலக்காகும். இதில் சூழ்ச்சி எதுவுமில்லை, உலக வழக்கம் அது.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்த நாடு, வைத்தியசாலைகளில் அடிப்படை மருந்துகளுக்கே தட்டுப்பாடு நிலவிய நாடு, இன்னும் தோன்றாத வைரஸுக்குச் செலவு செய்வதா என்று கேட்கப்படும். நியாயமான கேள்விதான். ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் இலங்கை செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதம். இங்கே தடுப்பூசித் தொழிற்சாலை கட்டுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவரை நம்பவும் வேண்டாம். தேவைப்படுவது மாதிரிகளைப் பேணும் உறைபெட்டிகளும் அவற்றுக்கான தடையற்ற மின்சாரமும், மூன்று மாத ஒப்பந்தத்தில் தொங்காத சில இளம் ஆய்வாளர்களும், மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களோடு ஒரு நிரந்தர ஒழுங்கும்தான். டெங்கு, எலிக்காய்ச்சல் என்று நம்மை ஆண்டுதோறும் தாக்கும் நோய்களுக்கும் அதே பெட்டி, அதே ஆள், அதே ஒழுங்கு உதவும். 2017 இல் ஒரு இலட்சத்து 86 ஆயிரம் டெங்கு நோயாளிகளைக் கண்ட நாட்டில் இதை ஆடம்பரம் என்று சொல்ல முடியுமா?

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. நம் இரத்தத்தை அவர்கள் கொண்டுபோவார்கள், காப்புரிமையும் இலாபமும் அங்கே, வரிசையில் கடைசி இடம் நமக்கு. இந்தச் சந்தேகத்தை அனுபவமே ஊட்டியிருக்கிறது. 2021 ஜனவரியில் இந்தியாவிலிருந்து ஐந்து இலட்சம் கோவிஷீல்ட் வந்தது. கொழும்பு நகரத்தில் பலர் முதல் ஊசி பெற்றார்கள். இந்தியாவில் இரண்டாம் அலை எழுந்ததும் ஏற்றுமதி நின்றது. ஐந்து இலட்சம் பேர் அளவில் இரண்டாவது ஊசிக்காக, ஜப்பானின் நன்கொடை ஜூலை முடிவில் வந்துசேரும்வரை காத்திருந்தார்கள். டக்கேடா நிறுவனத்தின் டெங்குத் தடுப்பூசிப் பரிசோதனை எட்டு நாடுகளில் நடந்தது. அவற்றில் ஒன்று இலங்கை. நம் சிறுவர்களும் கை நீட்டினார்கள். அந்த ஊசியைப் பிரேசில் 2024 இல் தன் பொதுச் சுகாதாரத் திட்டத்தில் சேர்த்துவிட்டது. நம் தேசிய அட்டவணையில் அது இல்லை. விலை, வழங்கல், பாதுகாப்பு ஆலோசனை என்று அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். பரிசோதனைக்கு உடன்பட்டபோதே பின்னாளைய விலையைப் பற்றிப் பேசி வைத்திருக்க வேண்டும் என்ற பாடம் மட்டும் மாறாது.

ஆனால் கதவை மூடிக்கொள்வது விடையாகாது. பறவைக் காய்ச்சல் மாதிரிகளைத் தர மாட்டோம் என்று இந்தோனேசியா 2007 இல் மறுத்தது. அன்றைய சுகாதார அமைச்சர் சித்தி ஃபதிலா சுப்பாரியை வளர்ந்த நாடுகள் கடிந்துகொண்டன. இருந்தும் அந்த மறுப்பின் தொடர்ச்சியாகத்தான் 2011 இல் உலக சுகாதார நிறுவனத்தில் இன்புளுவன்சா வைரஸ் பகிர்வுக்கும் பயன் பகிர்வுக்கும் ஓர் ஒழுங்கு பிறந்தது. மறுப்பு, பேரம் பேசும் வழியாக இருந்ததால்தான் பலித்தது. தனித்து ஒதுங்கும் வழியாக இருந்திருந்தால் வீணாகியிருக்கும். 2025 மே மாதம் உலக சுகாதார மாநாடு ஏற்ற பெருந்தொற்று உடன்படிக்கை, பெருந்தொற்றுக் காலத்தில் பங்கேற்கும் தயாரிப்பாளர்கள் உற்பத்தியில் 20 சதவீதத்தை அந்நிறுவனத்துக்கு ஒதுக்குவதை இலக்காக வைத்திருக்கிறது; அதில் பாதி நன்கொடை. மாதிரிகளைப் பகிரும் விதிகளைக் கூறும் இணைப்பு பின்னர் பேசித் தீர்க்க விடப்பட்டது. பேச்சு அந்த இணைப்பில்தான் சூடுபிடித்தது, அது இயல்பும்கூட. மாதிரியும் தரவும் கையில் உள்ள நாட்டுக்கே அந்தப் பேச்சில் எடை உண்டு.

இத்தனை முயற்சியும் தோற்கலாமே என்பவர்களுக்கு ஒரு வரி போதும். எச்.ஐ.விக்கான தடுப்பூசியையும் எல்லா இன்புளுவன்சாவுக்குமான பொதுத் தடுப்பூசியையும் நாற்பது ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறோம், கிடைக்கவில்லை. ஆனால் தேடும் வழியில் கிடைத்த அறிவுதான் கொவிட் ஊசியைப் பதினொரு மாதங்களில் தந்தது.

மிச்சமிருப்பது நம்பிக்கை. அறிவியலாளர்கள் இதைப் பேசத் தயங்குகிறார்கள். ஆனால் கொழும்பில் இதைத் தவிர்த்து எந்தக் கூட்டு ஆய்வையும் நடத்த முடியாது. 2020 மார்ச் முடிவிலிருந்து 2021 பெப்ரவரிவரை கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்களும் கட்டாயமாக எரிக்கப்பட்டன. நிலத்தடி நீர் கெடும் என்று காரணம் சொல்லப்பட்டது. அதற்கு ஆதாரமில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் சொன்னது, 2003 இல் ஹொங்கொங்கில் சார்ஸ் வைரஸை அடையாளம் கண்டவர்களில் முதல்வரான மலிக் பீரிஸும் சொன்னார். கண்டியில் பிறந்து, கட்டுகஸ்தோட்டையிலும் பேராதனையிலும் படித்தவர் அவர். அவர் சொன்னதைக் கேட்காத அதே அரசாங்கத்தில், கொவிட்டைத் தீர்க்கும் என்று சொல்லப்பட்ட கேகாலைப் பாணியைச் சுகாதார அமைச்சரே பகிரங்கமாகக் குடித்துக் காட்டினார். கட்டாய எரிப்புக்காக அமைச்சரவை 2024 ஜூலையில் மன்னிப்புக் கோரியது. மூன்றரை ஆண்டு தாமதித்த அந்த மன்னிப்பால், புதுக்கடையிலோ மாளிகாவத்தையிலோ ஒரு வீட்டுக்காரர் நாளை ஆய்வுக்குழுவுக்குக் கதவைத் திறப்பார் என்று சொல்ல முடியாது. இரத்தம் கேட்கப் போகிறவர் அந்த நினைவையும் சந்திக்க வேண்டும்.

எனவே ஒரு சர்வதேசத் திட்டத்தில் இலங்கை கையெழுத்திடும்போது எதைக் கேட்க வேண்டும் என்று பார்த்தால், விஞ்ஞான நிபந்தனையும் சமூக நிபந்தனையும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. மாதிரிகளின் ஒரு பாதி இந்நாட்டிலேயே பேணப்பட வேண்டும். வெளியே போகும் மாதிரியில் செய்யும் ஒவ்வோர் ஆய்வின் ஆசிரியர் வரிசையிலும் இங்குள்ள ஆய்வாளரின் பெயர் முன்னே வர வேண்டும். நிதி ஐந்து ஆண்டுகளுக்குக் குறையக் கூடாது. நோய் இல்லாத ஆண்டிலும் அது வர வேண்டும். ஊசி வென்றால் இலங்கைக்கான விலையும் முன்னுரிமையும் முதல் மாதிரி புறப்படும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். மேர்ஸ் இலக்கிலிருந்து விடுபடக் கூடாது. பங்கேற்பவரின் சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்த்ததாக இல்லாமல், தமிழிலும் சிங்களத்திலும் தனித்தனியே எழுதப்பட வேண்டும். அதை வாசித்துப் பார்த்துத் திருத்தும் குழுவில் கொட்டாஞ்சேனைத் தோட்டக் குடியிருப்புகளின் சங்கங்களும் வெள்ளவத்தைப் பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களும் இருக்க வேண்டும். முடிவுகள் வெளியாகும்போது சஞ்சிகைக்குப் போகும் அதே வாரத்தில் இரத்தம் கொடுத்தவர்களின் தெருவுக்கும் போக வேண்டும். இவற்றில் பாதியை வெளிநாட்டுப் பங்காளிகள் மறுக்கப்போவதில்லை; நம் பக்கத்திலிருந்து கேட்டால்தான் அவை ஒப்பந்தங்களில் பழக்கமாகும். மறுபாதிக்குச் சுகாதார அமைச்சும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து உட்கார்ந்து பேரம் பேச வேண்டும், அதற்கு முதலில் அவர்களுக்கிடையே ஓர் உடன்பாடு தேவைப்படுகிறது.